இந்தப் பொங்கல் யார் முறை?

சங்கராந்தி அன்று காலை எள்ளு-பெல்லத் தட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல எங்கள் மாடியில் வீடு வீடாகப் போனேன்.

பெங்களூருக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எள், பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் கலந்து, ஒரு துண்டு கரும்போடு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். நாங்கள் இந்த ஊருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட தமிழ்க் குடும்பம். அடுப்பில் சர்க்கரைப் பொங்கலும் உண்டு, தட்டில் எள்ளு-பெல்லமும் உண்டு. இரண்டு பக்கமும் சாப்பிடுகிற ஆசாமிகள் நாங்கள்!

பண்டிகைக்கு எங்கள் அபார்ட்மென்ட் பாதி காலியாகிவிடும். பூட்டிய கதவுகளைத் தாண்டி, கோடி வீட்டில் பெல் அடித்தேன். உள்ளே ஆள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏதோ பழக்கதோஷம், கை தானாகப் போனது.

வினோத் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

“எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்ல ஆன்ட்டி...”

எனக்குச் சுருக்கென்றது. தீபாவளிக்கு மறுநாள்தான் அவனுடைய அப்பா போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரியும். துக்கம் விசாரித்தவளும் நான்தான். அப்பாவைப் பறிகொடுத்த தமிழ்ப் பிள்ளையிடம், அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், கை நிறைய எள்ளைக் கொண்டுபோய் நீட்டுகிறேன்... மூளை என்று ஒன்று இருந்தால் செய்வேனா?

தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

“பரவால்ல ஆன்ட்டி. உள்ள வாங்க” என்றான். நல்ல பையன்.

உள்ளே போனதும் அடுத்த அதிர்ச்சி. சோபாவில் அவன் மனைவி செல்வி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். லீவு நாளில் லேப்டாப்! டி.வி. ஓடவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

“ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? போளூர்ல அம்மா தனியா இருப்பாங்களே?” என்றேன்.

செல்வி போய் லேப்டாப்பை மூடி வைத்தாள். வினோத் பால்கனிக் கதவைத் திறந்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், ஒன்றரை வருடம் முன்னால் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சுவார்த்தையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பில்டிங்கில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பார்க்கிங் தகராறா, வராந்தாவில் செருப்பு ஸ்டாண்ட் வைத்த சண்டையா, மேல்வீட்டுத் துணி கீழ்வீட்டில் சொட்டுகிறதா... ஆன்ட்டியைக் கூப்பிடு. என் வீட்டுக்காரர் இதற்கு ‘உன்னோட ஹைகோர்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, அதாவது கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊர்க்காரர்கள் ஆட்டோவில் ஐந்து பேர் போவார்கள். நானும் இந்த ஊர்க்காரிதானே!

வினோத்துக்கு ஊர் போளூர். இங்கிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகக் காரில் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் -- மாநில எல்லையில் அத்திபெலேயில் வண்டிகள் நின்றுபோகாமல் இருந்தால். செல்விக்குக் கோவில்பட்டி. ராத்திரி முழுக்க ரயில். வினோத் வீட்டுக்கு ஒரே பையன். செல்வி அவள் வீட்டுக்கு ஒரே பெண். இரண்டு ஊரிலும் பண்டிகை ஒரே நாளில்தான் வருகிறது. கேட்கவா வேண்டும்?

ரயில் முன்பதிவு ஆரம்பிக்கிற நாளில் சண்டையும் ஆரம்பித்துவிடும். கதவு படாரென்று சாத்துகிற சத்தத்தை வைத்தே ‘ஓ, தீபாவளி டிக்கெட் ஓபன் ஆகிவிட்டது போல’ என்று நான் தெரிந்துகொள்வேன்.

அந்தத் தடவை சத்தம் கொஞ்சம் அதிகம். செல்வி பையை எடுத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

“நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. எங்க அப்பா மட்டும் மனுஷன் இல்லையா? ஒவ்வொரு பண்டிகைக்கும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. ‘பிள்ளை வரலையா’ன்னு தெருவே கேக்குது. இவங்க ஊருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்துருது. ஒரு தடவை பங்காளி வீட்டுக் கல்யாணம். ஒரு தடவை அத்தைக்கு முட்டி வலி” என்றாள் செல்வி.

“போளூர் பக்கத்துல இருக்குதே, எப்ப வேணாலும் போலாமேன்றா ஆன்ட்டி. பண்டிகைக்குப் போறதும் மத்த நாள்ல போறதும் ஒண்ணா? நான் போலன்னா எங்க வீட்ல பலகாரம் கூட சுட மாட்டாங்க” என்றான் வினோத்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அப்படியானால் மத்தியஸ்தம் செய்வது சுலபம் என்று நினைப்பீர்கள். கிடையவே கிடையாது. யாராவது ஒருவர் பக்கம் தப்பு இருந்தால்தான் சுலபம். அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம்.

அன்று மத்தியானம் முழுக்கப் பேசினோம். இரண்டு கம்பெனிகள் கூட்டு வைத்துக்கொள்வதுபோல அப்படி ஒரு பேரம். தலைதீபாவளியைக் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா? இதற்கே ஒரு மணி நேரம். தலைதீபாவளி பெண் வீட்டில்தான் நடக்கும், அது உலக வழக்கம், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றாள் செல்வி. போனது போனதுதான், வண்டி வாடகை நான்தானே கொடுத்தேன் என்றான் வினோத். கார்த்திகை தீபம் எங்களுக்கு வேண்டும் என்றான் அவன். அப்படியானால் எங்கள் ஊர்க் கோவில் பங்குனிப் பொங்கல் எங்களுக்கு என்றாள் அவள். கடைசியில் லீவு கிடைக்காது என்று இரண்டையும் கைவிட்டார்கள்.

முடிவு இதுதான். ஒரு வருடம் தீபாவளி போளூரில், பொங்கல் கோவில்பட்டியில். அடுத்த வருடம் அப்படியே மாற்றி -- தீபாவளி கோவில்பட்டியில், பொங்கல் போளூரில்.

“ஏதாவது அவசரம்னா மாத்திக்கலாம்ல?” என்றான் வினோத்.

செல்வி உடனே சொன்னாள். “வேண்டாம். அவசரம்னு ஒண்ணு வச்சா, அது எப்பவும் உங்க பக்கமாத்தான் வரும்.”

அவள் சொன்னதில் என்ன தப்பு? அதுவரைக்கும் அப்படித்தானே நடந்திருக்கிறது? வினோத் என் பக்கம் திரும்பினான். “சரி. மாத்தறதே இல்ல” என்றான். நேர்மையாகத்தான் சொன்னான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வருடத் தீபாவளிக்குப் போளூர் போனார்கள். பொங்கலுக்குக் கோவில்பட்டி. திரும்பி வரும்போது எனக்குக் கடலைமிட்டாய் வந்தது. கதவு படாரென்று சாத்துகிற சத்தம் நின்றே போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. லிஃப்டில் பார்ப்பவர்களிடமெல்லாம் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வீடுகளில் இதே ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

நீங்கள் விரல்விட்டுப் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. முதல் பொங்கல் கோவில்பட்டி, அடுத்த தீபாவளியும் கோவில்பட்டி. போளூருக்கு நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் பண்டிகையே கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பேரும் படித்தவர்கள்தான். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

போளூரில் இருந்த பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. மாறாக, “இந்தப் பொங்கல் நம்ம முறை, வீட்டுக்கு வெள்ளை அடிச்சு வைக்கணும்” என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

போன ஆயுதபூஜை சமயத்திலேயே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. திருவண்ணாமலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சரியாகி, வீட்டுக்கு அனுப்பினார்கள். வினோத் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் மறுபடியும் மூச்சுத் திணறல். கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

இதற்கு மேல் நடந்ததை வினோத் இந்தப் பொங்கலன்றுதான் என்னிடம் சொன்னான். பால்கனியில் நின்றுகொண்டு, துணி காயப் போடும் கொடியைப் பிடித்துக்கொண்டு.

“அம்மா போன் பண்ணிச்சு ஆன்ட்டி. ‘நீ வந்தா நல்லாருக்கும்’னு மட்டும்தான் சொல்லிச்சு. அப்பா போன வாங்கிட்டாரு. ‘டேய், இது செல்விப் பொண்ணு ஊட்டு முறைடா. பேசினது பேசினபடி நடந்துக்கோ. எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கறன். பொங்கலுக்கு வா’ன்னாரு. பேசி முடிக்கறதுக்குள்ள நாலு தடவை மூச்சு வாங்குது அவருக்கு.”

“செல்விகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“ஏம்ப்பா?”

“சொன்னா அவ ‘போளூர் போலாம்’னுதான் சொல்லுவா ஆன்ட்டி. அது எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல.”

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

“அவசரம்னா எப்பவும் உங்க பக்கம்தான் வரும்னு சொன்னாளே... அது நெஜமாயிடும் இல்ல? கேக்கறதும் மாத்தறதும் ஒண்ணுதானே ஆன்ட்டி. பேசியாச்சு. பேசினப்புறம் எப்படிக் கேக்கறது?”

கோவில்பட்டியில் தீபாவளியன்று மாமனார் வீட்டில் எண்ணெய் வைத்துக் குளித்திருக்கிறான். புது வேட்டி கட்டியிருக்கிறான். மொட்டை மாடிக்குப் போய்ப் போய்ப் போன் பேசியிருக்கிறான். “மாமாவுக்கு எப்படி இருக்கு?” என்று செல்வி கேட்டபோதெல்லாம் “பரவால்ல” என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் விடிந்ததும் செய்தி வந்தது.

கோவில்பட்டியிலிருந்து போளூர் எங்கே இருக்கிறது! மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று ஒரு பகல் முழுக்க டாக்ஸியில் போயிருக்கிறார்கள். ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார்.

“அம்மா அழுதுக்கினே ஒண்ணு சொல்லிச்சு ஆன்ட்டி. ‘கண்ணு மூடற வரைக்கும் உன்னைக் கேக்கவே இல்லடா. புள்ள மாமனார் வீட்ல இருக்கான், பண்டிகை நாள்ல கூப்பிடாத, அந்தப் பொண்ணு மனசு சங்கடப்படும்னாரு’ன்னு. கேட்டிருந்தாக் கூடப் பரவால்ல. கேக்கவே இல்லன்னுதான்...”

 கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சட்டையின் காலரைத் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்தான். நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை.

அப்பா கேட்கவில்லை, மருமகள் சங்கடப்படுவாள் என்று. மகன் கேட்கவில்லை, மனைவி சொன்னது பலித்துவிடும் என்று. மனைவியை யாருமே கேட்கவில்லை. இதில் யாரைக் கெட்டவர் என்று சொல்வீர்கள்? சொல்ல முடிந்தால் எனக்கும் எழுதுங்கள். தேடித் தேடிப் பார்க்கிறேன், எனக்கு ஒருவரும் அகப்படவில்லை.

சரி, இந்தப் பொங்கலுக்கு ஏன் இரண்டு பேரும் பெங்களூரில் இருந்தார்கள்?

ஒப்பந்தப்படி இது போளூரின் முறை. செல்வி ஒரு வாரம் முன்னாலேயே “போய் அத்தைகூட இருந்துட்டு வரலாங்க” என்று சொல்லியிருக்கிறாள். வினோத்தின் பதில் இது:

“பண்டிகையே இல்ல. அப்புறம் முறை எதுக்கு? எங்க பொங்கலை உனக்கே விட்டுத் தர்றன். நீ கோவில்பட்டிக்குப் போய் உங்க வீட்ல கொண்டாடிட்டு வா.”

அவன் இதைக் கோபத்தில் சொல்லவில்லையாம். மிகவும் சாந்தமாகச் சொன்னானாம். விட்டுக்கொடுக்கிற தொனியில்.

அன்று சாயங்காலம் செல்வி என் சமையலறைக்கு வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயடியில் நின்றுகொண்டு அவள் பேசினாள், அடக்கி வைத்ததையெல்லாம்.

“எனக்குப் பண்டிகை உண்டுன்னு யாரு ஆன்ட்டி சொன்னா? செத்துப் போனது என் மாமனார் இல்லையா? எனக்கும்தானே இந்த வருஷம் இல்ல? எங்க அம்மாவே போன்ல, ‘இந்த வருஷம் உனக்கு இங்கன பொங்கப்பானை கிடையாதுடி, நீ அந்த வீட்டுக்காரி’ன்னு சொல்லிட்டாங்க. இவரு மட்டும் என்னை ‘நீ போய்க் கொண்டாடு’ங்காரு. அப்ப நான் யாரு அந்த வீட்டுக்கு?”

நான் குழாயை மூடினேன்.

“என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் மாட்டேன்னா சொல்லிருப்பேன்? ஓடியிருப்பேனே ஆன்ட்டி! மாமா என்னை ஒரு நாள் கூடப் பேர் சொல்லி அதட்டுனது இல்ல. அவரு கிடக்காருன்னு தெரிஞ்சா எங்க அப்பாவே வண்டி பிடிச்சு ஏத்தி விட்டிருப்பாரு. இப்ப ஊருல எல்லாரும் என்ன நினைக்காங்க? பண்டிகை கொண்டாடப் பிள்ளையை இவ இழுத்துட்டுப் போயிட்டான்னு நினைக்காங்க. அதைக்கூடத் தாங்கிக்கலாம். இவரும் அப்படித்தான் நினைக்காரு. வாய்விட்டுச் சொன்னாலாவது சண்டை போடலாம். சொல்லவே மாட்டேங்காரு.”

நான் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ‘அவன் அப்படி நினைக்கலைம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன். நினைக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. அதனால் சொல்லவில்லை.

ஆனால் பஞ்சாயத்துப் புத்தி சும்மா இருக்குமா? அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருவரையும் கூப்பிட்டேன். பண்டிகைச் சமையல் இல்லை, வெறும் ரசமும் உருளைக்கிழங்கும். சாப்பிட்டு முடித்ததும் பேச்சை ஆரம்பித்தேன்.

“வினோத், அவ போளூர் போகணும்னு ஆசைப்படறா...”

“போகட்டும் ஆன்ட்டி. நான் வேணாம்னு சொல்லலையே. அவ இஷ்டம்.”

“செல்வி, அவன்கூட நீயும் போயேன்மா.”

“அவரு கூப்பிட்டா போறேன் ஆன்ட்டி. அவரு இஷ்டம்.”

நான் என் வாழ்நாளில் எத்தனையோ சண்டைகளைத் தீர்த்திருக்கிறேன். தாம் தூம் என்று குதிப்பவர்களை உட்கார வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ‘உன் இஷ்டம்’ என்று உட்கார்ந்துகொண்டால் எதைப் பிடித்து இழுப்பது? சண்டை இருந்தால்தானே சமரசம்? ரசப் பாத்திரத்தை எடுத்து வைப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். அவர்களும் ‘தாங்க்ஸ் ஆன்ட்டி’ என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் இவர்கள் கத்தினார்கள், கதவைச் சாத்தினார்கள், கடைசியில் யாராவது ஒருவர் ‘சரி, தொலையட்டும், உங்க ஊருக்கே போலாம்’ என்று இறங்கி வந்தார்கள். கோபத்தோடுதான். ஆனாலும் அது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவருக்கும் அது தெரியும். ஒப்பந்தம் வந்த பிறகு யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. உன் முறை உனக்கு, என் முறை எனக்கு. கேட்பதற்கு வாய் கூசும் அளவுக்கு எல்லாம் நேராகிவிட்டது.

அப்படியானால் ஒப்பந்தமே கூடாதா? அதையும் நான் சொல்ல மாட்டேன். கோவில்பட்டியில் வாசலில் நின்ற அந்த அப்பாவும் அப்பாதானே? ஒப்பந்தம் இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். எனக்கு விடை தெரியவில்லை. இந்தப் பத்தியில் வாராவாரம் ஏதாவது ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகிறவள் நான். இந்த வாரம் கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மாட்டுப்பொங்கல். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வந்து பெல் அடித்தார்கள். செல்வி தலை வாரிப் பின்னியிருந்தாள். வினோத் சவரம் செய்திருந்தான். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கையே வந்துவிட்டது.

“நாங்களே பேசி முடிச்சிட்டோம் ஆன்ட்டி. உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம்” என்றான் வினோத்.

“ரொம்ப சந்தோஷம்ப்பா! எப்ப கிளம்பறீங்க?”

“நாளைக்கு. நான் போளூருக்கு. அவ கோவில்பட்டிக்கு.”

நான் செல்வியைப் பார்த்தேன்.

“இனிமே எல்லாப் பண்டிகைக்கும் அப்படித்தான் ஆன்ட்டி. அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க. யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். சண்டையே வராது” என்றாள். ஆபீசில் மீட்டிங் முடிந்து சொல்வது போலச் சொன்னாள்.

“அத்தை உன்னைக் கேட்டா?”

“நேத்தே கேட்டாங்க. ‘நீயும் வாம்மா, வீடு வெறிச்சுன்னு இருக்கு’ன்னாங்க. ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிட்டேன்.” குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பிசகியது. வினோத்துக்கும் அது கேட்டிருக்கும். திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

‘இப்போது கேளுடா’ என்று எனக்குள் கத்தினேன். ‘நீயும் வா என்று ஒரு வார்த்தை சொல்லுடா மடையா!’

அவன் கேட்கவில்லை. அவள் மனது சங்கடப்படும் என்று நினைத்தானோ என்னவோ.

அடுத்த நாள் சாயங்காலம் நான் காய்கறி வாங்கக் கிளம்பி லிஃப்ட் வாசலில் நின்றேன். இருவரும் ஆளுக்கு ஒரு பையோடு வந்தார்கள். ஆளுக்கு ஒரு கேப் கீழே காத்துக்கொண்டிருந்தது. அவன் அவள் பையின் ஜிப் திறந்திருக்கிறது என்றான். அவள் மூடிக்கொண்டு தாங்க்ஸ் என்றாள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றான். இத்தனை மரியாதையாக அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது.

“நீ முதல்ல போ” என்றான் வினோத்.

“இல்லங்க, நீங்க போங்க. உங்களுக்குத்தான் லேட்டாகுது” என்றாள் செல்வி.

“பரவால்ல, நீ போ.”

“நீங்க போங்க.”

ஆறு பேர் போகிற லிஃப்ட் அது. கதவு மூடிக்கொண்டு காலியாகக் கீழே போய்விட்டது.